இரண்டு நிமிடத்தில் சலித்துவிடும் குழந்தைக்கு என்ன தருவது?

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். கூடை நிறையப் பொம்மைகள் இருந்தும் எதிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. நான் சமைக்கும்போதும், வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும்போதும் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான். கடைசியில் செல்போனைக் கொடுத்துவிடுகிறேன். அதிகம் செலவில்லாமல், வீட்டில் இருப்பதை வைத்தே அவனை ஈடுபடுத்த முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். புதிதாக எதையும் செய்வதற்கு முன், ஒரு நாள் முழுக்க அவன் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்று மட்டும் பாருங்கள். எடுத்துக் கொடுக்கக் கொடுக்கக் கரண்டியைக் கீழே போடுகிறானா? அலமாரியில் உள்ளதையெல்லாம் வெளியே இழுக்கிறானா? கையில் அகப்பட்டதை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சுமந்துகொண்டே இருக்கிறானா? நமக்குச் சேட்டையாகத் தெரிகிற இவைதான் இந்த வயதின் முழுநேர வேலை. போடுவது, நிரப்புவது, கொட்டுவது, சுமப்பது, ஒளித்து வைப்பது, திறந்து மூடுவது என்று ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு காலத்தில் ஒரு பித்து இருக்கும். அந்தப் பித்துக்குத் தீனி போடும் விளையாட்டு பத்து நிமிடம் நிற்கும். மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓடாது.

அடுத்தது அந்தக் கூடை. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 30 மாதம் வரையான 36 குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள். ஒரே பொம்மையைப் பல விதமாகவும் பயன்படுத்தினார்கள். ஆகவே நான்கைந்தை வெளியே விட்டுவிட்டு மிச்சத்தைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். வாரம் ஒரு முறை மாற்றினால், பழைய பொம்மை புதிதாகத் திரும்பி வரும்.

இனி, செய்து கொடுக்க வேண்டியவை. ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் செருப்புப் பெட்டியை எடுங்கள். மூடியில் நீளமாக ஒரு பிளவு வெட்டுங்கள். அகலமான ஜாடி மூடிகள் ஏழெட்டைப் பக்கத்தில் வையுங்கள். எப்படி என்று சொல்லித்தராதீர்கள். முதலில் மூடியைப் படுக்கையாகப் பிளவின் மேல் வைத்து அமுக்குவான். போகாது. மறுபடியும் அமுக்குவான். ஒரு கட்டத்தில் மணிக்கட்டு மெல்லத் திரும்பும், மூடி நிமிரும், ‘டொக்’கென்று உள்ளே விழும். அவன் உடனே உங்கள் முகத்தைப் பார்ப்பான். அப்போது ஒரு சிரிப்பு போதும். பெட்டியின் பின்புறம் கை நுழையும் அளவுக்கு ஒரு கதவு வெட்ட மறந்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் மூடிகளை எடுத்துத் தரச் சொல்லி நிமிடத்துக்கு ஒரு முறை உங்களைக் கூப்பிடுவான். கதவு இருந்தால் போடுவதும் எடுப்பதும் அவன் பாடு. பழகிப்போனதும் இன்னொரு பெட்டியில் வட்டமாக ஓட்டை போட்டு, சுருட்டிய காலுறைகளைக் கொடுங்கள்.

எந்த மூடி என்பதில் கவனம் தேவை. குடிநீர் பாட்டிலின் சிறிய மூடி வேண்டவே வேண்டாம். தொண்டையில் போய் அடைக்கும் அளவு அது. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளை அமெரிக்காவில் சுமார் 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் போட்டுச் சோதிக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய் போதும். அது இன்னும் கொஞ்சம் அகலம் என்பதால், அதற்குள் நுழைவதை ஒதுக்கிவிட்டால் பாதுகாப்பு கூடுதல். நாணயம், மணி, கோலிக்குண்டு, பருப்பு, பயறு எல்லாமே அதில் விழும். பட்டன் பேட்டரி, சிறு காந்தம், ஊதாத பலூன் மூன்றையும் எட்டாத உயரத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

பிரிட்டனில் மழலையர் கல்விக்காக உழைத்த எலினார் கோல்ட்ஷ்மீட், ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு விலைக்கு வாங்கும் பொம்மைகளே தேவையில்லை என்ற எண்ணத்தில் ஒரு விளையாட்டு முறையை வகுத்தார். டப்பாக்கள், குழாய்கள், மூடிகள், துணி மாட்டும் பெரிய கிளிப்புகள் என ஒவ்வொன்றிலும் நிறையக் கொடுத்துவிட்டுப் பெரியவர் அருகில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ‘பேசாமல்’தான் நமக்குக் கடினம். ‘இது என்ன நிறம்? எத்தனை இருக்கிறது?’ என்று நாம் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அவன் கவனத்தைக் கலைக்கிறது. தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் பாருங்கள். அவன் என்னவெல்லாம் கண்டுபிடிக்கிறான் என்று உங்களுக்கே தெரியும்.

மாஸ்கிங் டேப் ஒரு சுருள் இருந்தால் மேசை விளிம்பில் துண்டு துண்டாக, ஒரு முனை தூக்கியிருக்கும்படி ஒட்டுங்கள். பிய்த்து எடுப்பதில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நல்ல வேலை. அதே டேப்பைத் தரையில் வளைத்து ஒட்டினால் நடக்கும் பாதை. காலியான டிஷ்யூ பெட்டிக்குள் பழைய துணித் துண்டுகளைத் திணித்துக் கொடுத்தால் உருவிக்கொண்டே இருப்பான்.

தண்ணீரும் மாவும் வேறு வகை. இவை உங்கள் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும்போது மட்டும். அகலமான பெயின்ட் பிரஷும் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீரும் கொடுத்து வெளிச்சுவரில் ‘வண்ணம் அடிக்க’ விடுங்கள். காய்ந்தால் சுவர் மறுபடியும் வெறுமையாகும். அவன் மறுபடியும் அடிப்பான். ஆனால் இரண்டு அங்குலத் தண்ணீரிலும் சிறு குழந்தை மூழ்கிவிட முடியும். நடுவில் ஒரு போன் வந்தாலும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வாளியை அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

விளையாட்டு மாவுக்கு இரண்டு கப் மைதா மாவு, அரைக் கப் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து, முக்கால் கப் தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில நாள் வரும். கையில் கிடைப்பதையெல்லாம் அவன் இன்னும் வாயில் வைக்கிறான் என்றால் சில மாதம் பொறுங்கள். அவ்வளவு உப்பு சிறு வயிற்றுக்குக் கெடுதல். வேகாத மாவில் கிருமிகளும் இருக்கலாம்.

நீங்கள் சொன்ன அந்த அழுகைக்கு வருகிறேன். காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தை கேட்பது உங்களை. பொம்மையை நீட்டினால் தள்ளிவிடுவான். வேலைக்கு உட்காருவதற்கு முன் பத்து நிமிடம், கையில் செல்போன் இல்லாமல், அவனோடு ஓடியாடுங்கள். பெரிய அட்டைப்பெட்டிக்குள் சில புத்தகங்களைப் போட்டுத் தள்ளச் சொல்லுங்கள். கனத்தைத் தள்ளிக் களைத்த உடம்பு, பிறகு உட்கார்ந்து விளையாட இணங்கும். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அதே வழிகாட்டுதல், ஒரு வயதில் உட்காரவைத்துத் திரை காட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு வயதில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இதுவரை கொடுத்ததற்காக வருந்திக்கொண்டிருக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

சமைக்கும்போது அடுப்புக்கு எட்டாத, ஆனால் உங்கள் முகம் தெரிகிற இடத்தில் அவனுக்கென்று ஒரு மூலை ஒதுக்குங்கள். செருப்புப் பெட்டி அங்கே இருக்கட்டும். அல்லது ஒரு துணியைக் கொடுத்து ‘தரையைத் துடை’ என்று சொல்லுங்கள். நீங்கள் செய்யும் வேலையைப் போன்ற ஒன்று தன் கையிலும் இருந்தால் இந்த வயதில் அதற்கு ஈடு கிடையாது.

அலுவலகக் கூட்டங்களுக்கு மட்டும் வெளிவரும் ஒரு தனிப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் அதைக் கண்ணில் காட்டவே வேண்டாம். அது கால் மணி நேரம் பிடித்து வைத்தால் நல்ல நாள். ஒரு மணி நேரக் கூட்டத்தை எந்த விளையாட்டும் தாங்காது. அதை அவன் தூங்கும் நேரத்துக்கு நகர்த்தப் பாருங்கள், அல்லது வீட்டில் இன்னொருவரை அந்த நேரத்துக்குப் பொறுப்பேற்கச் சொல்லுங்கள். கேட்கத் தயங்காதீர்கள்.