வாசகர் கேள்வி – பதில்: மோல்ட்கேயின் வெற்றி

கேள்வி: ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் தளபதி ஹெல்முத் ஃபொன் மோல்ட்கே, தமது படையில் ஒரு கம்பெனியைக்கூட (சிறு படைப்பிரிவு) களத்தில் நடத்தியதில்லை என்று படித்தேன். அப்படிப்பட்டவர் ஆஸ்திரியாவையும் பிரான்ஸையும் எப்படி வென்றார்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். 1800-இல் பார்க்கிம் நகரில் பிறந்த மோல்ட்கே, டென்மார்க் படையில் அதிகாரியாக இருந்து, 1822-இல் பிரஷ்யப் படைக்கு மாறியவர். அவர் நேரடியாகப் பீரங்கிகளுக்குப் பொறுப்பேற்று நின்ற களம் ஒன்றே. அதுவும் அயல்நாட்டுப் படையில். துருக்கி சுல்தானின் படைக்கு ஆலோசகராகச் சென்றிருந்தபோது, 1839-இல் நிசிப் என்ற இடத்தில், அரண் செய்யப்பட்ட பழைய நிலைக்குப் பின்வாங்கும்படி தளபதி ஹாபிஸ் பாஷாவிடம் எவ்வளவோ மன்றாடினார். பாஷா கேட்கவில்லை, எகிப்தியப் படை துருக்கியரைச் சிதறடித்தது.

அவருடைய உண்மையான களம் மேசைதான். ஜெர்மனியில் ரயில் பாதை புதிதாக வந்த காலத்திலேயே தம் சேமிப்பை பெர்லின்–ஹாம்பர்க் ரயில்வேயில் போட்டு, அதன் இயக்குநர்களில் ஒருவராகவும் இருந்தார். 1857-இல் படைத்தலைமை அலுவலகத்தின் தலைவரானபின், எந்தப் பிரிவு எந்த நிலையத்தில் எந்த ரயிலில் ஏற வேண்டும் என்பதைப் போருக்கு வெகுமுன்பே அட்டவணையாக வகுத்துவைக்கும் வழக்கத்தை வேரூன்றச் செய்தார். 1866-இல் ஆஸ்திரியாவுடன் போர் மூண்டபோது பிரஷ்யா ஐந்து ரயில் தடங்களில் படைகளை எல்லைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரியாவோ பெரும்பாலும் ஒரே தடத்தை நம்பியிருந்தது. படைகள் இப்படிப் பிரிந்து கிடப்பது ஆபத்து என்று அன்றைய அனுபவசாலிகள் பலர் அஞ்சினார்கள். பிரிந்து நடந்து, போரிடும் இடத்தில் ஒன்றுசேர்வதே மோல்ட்கேயின் திட்டம். ஜூலை 3 அன்று கோனிக்ராட்ஸில் காலை முழுவதும் ஒரு படை ஆஸ்திரியரோடு மல்லுக்கட்டி நிற்க, நள்ளிரவில் அனுப்பிய ஆணையை ஏற்றுப் புறப்பட்ட பிரஷ்யப் பட்டத்து இளவரசரின் படை நண்பகல் வாக்கில் எதிரியின் பக்கவாட்டில் வந்து இறங்கியது. அன்றைய களத்தில் மோல்ட்கேயிடமிருந்து வந்த ஆணையைக் கண்ட ஒரு டிவிஷன் தளபதி, "எல்லாம் சரி, இந்த ஜெனரல் மோல்ட்கே யார்?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். நான்கு ஆண்டுகளில் பிரான்ஸின் செடானில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் சரணடைந்தபின் அந்தக் கேள்விக்கு இடமிருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எதிரியின் முக்கியப் படையோடு மோதும் முதல் கணத்துக்கு அப்பால் எந்தத் திட்டமும் உறுதியாகச் செல்லாது என்று எழுதியவரும் இவரே. ஆகவே இலக்கை மட்டும் சொல்லி, வழியைக் களத்தில் நிற்கும் தளபதியின் பொறுப்பில் விட்டார். என் மதிப்பீட்டில், ரயில் அட்டவணையைவிட அவருடைய பெரிய சாதனை இந்த நம்பிக்கைதான்.

கேள்வி: அவர் போரை விரும்பியவரா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: நிலையான அமைதி ஒரு கனவு, அழகான கனவும் அல்ல என்று 1880-இல் ஒரு கடிதத்தில் எழுதியவர்தான். ஆனால் 1890 மே மாதம், 89 வயதில், ஜெர்மன் நாடாளுமன்றத்தில் பேசியபோது, இனி மூளும் போர் ஏழாண்டுப் போராகவோ முப்பதாண்டுப் போராகவோ நீளக்கூடும் என்றும், ஐரோப்பாவுக்குத் தீவைப்பவனுக்குக் கேடு என்றும் எச்சரித்தார். மறு ஆண்டு ஏப்ரலில் காலமானார். அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் 1914-இல் பெரும்போரில் இறங்கிய ஜெர்மன் படைத்தலைமையில், அதே பதவியில் இருந்தவர் அவருடைய தம்பி மகனே.