கடலூர் வெள்ளம், புயல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

குண்டு உப்பலவாடி: 2024இல் புயல் கரை கடந்து மழையும் விட்ட பிறகு எங்கள் தெருவில் எப்படி வெள்ளம் வந்தது?

அது நம்ம ஊர் மழையே இல்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும் பலர் இனி பயமில்லை என்று இருந்துவிட்டார்கள். அதன் மிச்சம் உள்மாவட்டங்களுக்குப் போய் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அந்தத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணையில் இறங்கிச் சாத்தனூர் அணைக்கு வர, டிசம்பர் 2 விடியற்காலை அங்கிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வெளியேறியது. ஆறு கடலில் சேரும் இடத்தில் இருப்பது நாம்தான். அதனால் நம் தலைக்கு மேல் இருக்கும் வானத்தை மட்டும் பார்க்காதீர்கள், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மழை அளவையும் சாத்தனூர் வெளியேற்றத்தையும் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் பத்திரம், ரேஷன் கார்டு, மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள்.

நெல்லிக்குப்பம்: அணையைத் திறந்ததுதான் காரணம். சுற்றி வளைக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். அணையின் முழுக் கொள்ளளவே சுமார் 7.3 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வீதம் 12 மணி நேரம் வந்தால் காலியான அணையே நிரம்பிவிடும். நிரம்பிய அணையில் வருகிற தண்ணீரைத் தேக்க வழியே கிடையாது.

மறுபடியும் நெல்லிக்குப்பம்: அப்படியானால் முன்பே காலி செய்திருக்கலாமே?

கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தால் வேகம் குறைந்திருக்கும், அதை ஏற்கிறேன். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் சேர்க்கும் தண்ணீரை நம்பித்தான் பாசனம் இருக்கிறது, ஒவ்வொரு வானிலை அறிவிப்புக்கும் அணையைக் காலி செய்ய முடியாது. நாம் சண்டை போட வேண்டியது வேறு விஷயத்துக்காக: எத்தனை கனஅடி வந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும் என்று அந்தந்தத் தெருமுனையிலேயே எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்’ என்றால் யாரும் அது தன் வீடு என்று நினைப்பதில்லை.

புதுப்பாளையம்: இந்த வருஷம் புயல் வருமா?

இதையே பலர் கேட்டாயிற்று. மாதக்கணக்கில் முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது, தேதி குறித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். வரும் என்று வைத்தே தயாராகுங்கள்.

மஞ்சக்குப்பம்: தானே புயல் போல வந்தால் வீட்டில் எப்படி இருப்பது?

2011 டிசம்பர் 30 காலை தானே நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. புயலின் கண் நேராக மேலே வந்தால் காற்று சட்டென்று அடங்கும். வெளியே போகாதீர்கள், எதிர்த் திசையிலிருந்து திரும்ப அடிக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டவே ஓட்டாதீர்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

தேவனாம்பட்டினம்: சுனாமி சைரன் கேட்காவிட்டால்?

நில அதிர்வு பலமாகவோ வெகுநேரமோ உணர்ந்தாலும், கடல் உள்வாங்கினாலும் உடனே மேட்டுக்கு ஓடுங்கள். முதல் அலையோடு திரும்பாதீர்கள், பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம்.

முதுநகர்: அவசர எண்?

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

திருப்பாதிரிப்புலியூர்: மழை விட்டுவிட்டது, வீட்டுக்குத் திரும்பலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். ஆறு வடியும் வரை கூடாது.

சிப்காட் (ரசாயன ஆலைகள் உள்ள தொழிற்பேட்டை) அருகில்: வெள்ளம் வடிந்த பின் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

காய்ச்சினால் கிருமிதான் சாகும், ரசாயனம் போகாது. பரிசோதனை முடிவு வரும்வரை லாரித் தண்ணீர்தான்.