படிப்பகத்துக்கு வந்த 8 பழைய கணினிகள்: எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு நிறுவனம் 8 பழைய டெஸ்க்டாப்களைக் கொடுத்திருக்கிறது. எல்லாம் இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். நானும் கல்லூரி நண்பர்கள் இருவரும் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டுத் தரலாம் என்றிருக்கிறோம். பெரியவர்கள் “விண்டோஸே இருக்கட்டுமே” என்கிறார்கள். எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் பெரியவர்களுக்கு விளக்கிவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடப்போகிற கணினி, பாதுகாப்பு அப்டேட் வராமல் இருக்கக் கூடாது. இப்படிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

லினக்ஸ் ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதற்கு முன் இரண்டு ஞாயிறு கணினிகளைச் சரிபார்க்க ஒதுக்குங்கள். மூடியைக் கழற்றித் தூசியை ஊதுங்கள். ராமை வெளியே எடுத்து, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்துங்கள். “திரையே வரவில்லை” என்று ஓரங்கட்டிய கணினிகள் பல இதிலேயே உயிர் பெற்றுவிடும். மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியை எட்டிலும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால் தேதி பின்னோக்கிப் போகும். பல கணினிகள் ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். கணினி பழகாதவர் அதைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார்.

எட்டையும் ஓட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மோசமான இரண்டை ஒதுக்கினால் அவற்றின் ராம், பவர் சப்ளை, கீபோர்டு எல்லாம் மற்ற ஆறுக்கும் உதிரியாகும். பணம் திரட்ட முடிந்தால் முதலில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான எஸ்எஸ்டி வாங்குங்கள், 240 ஜிபி போதும். பழைய கணினிக்கு இதைவிடப் பலன் தரும் செலவு வேறு இல்லை.

பழைய ஹார்டு டிஸ்க்கில் அந்த நிறுவனத்தின் கோப்புகள் இருக்கும். விரைவு முறையில் ஃபார்மட் செய்தாலும் அவற்றை மீட்டுவிட முடியும். என்வைப் என்ற இலவச நிரலால் ஒருமுறை முழுக்க அழியுங்கள்; 500 ஜிபிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். நம்பிக் கொடுத்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை இது.

எந்த லினக்ஸ்? லினக்ஸ் மின்ட் 22 வரிசையில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடுங்கள். 2 ஜிபி ராமிலேயே ஓடும், 4 ஜிபியில் வசதியாக ஓடும், 2029 வரை அப்டேட் உண்டு. ஒன்றை முழுமையாக அமைத்துவிட்டு, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்சில்லா என்ற நிரலால் மற்றவற்றுக்கு நகலெடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வையுங்கள்.

நகலெடுக்கும் முன் தமிழ்த் தட்டச்சைச் சேர்க்க மறக்காதீர்கள். ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை முறை கிடைக்கும். ஏ, கே, கே, கியூ என்று நான்கு விசைகளைத் தட்டுங்கள். ‘அம்மா’ வர வேண்டும், இரட்டிக்கும்போது புள்ளி தானாக விழும். படிப்பகத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. நாங்கள் அமைத்துக் கொடுத்த ஒரு படிப்பகத்துக்கு மூன்று மாதம் கழித்துப் போனேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் என்று யார் யாருடையதோ வரிசையாகக் கிடந்தன. தவறு எங்களுடையது, எல்லோருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்திருந்தோம். மின்ட்டில் லாகின் விண்டோ அமைப்புக்குள் போய் விருந்தினர் அமர்வை அனுமதியுங்கள். வருகிறவர் அதில் நுழைந்து வேலை பார்த்து வெளியேறியதும் அவருடைய கோப்புகள் அழிந்துவிடும். அதனாலேயே, வேண்டியதைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒவ்வொரு திரைக்கு மேலும் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் தட்டிய பயோடேட்டாவை இழந்து யாராவது அழுவார்கள்.

மின்சாரத்தையும் பாருங்கள். கணினியும் திரையும் சேர்ந்து சுமார் 100 வாட் என்றால் எட்டுக்கு 800. அத்தனையையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தும் பார்த்துவிடுங்கள். பிரிண்டரை யாராவது தருவதாகச் சொன்னால், மாடலைக் கேட்டு லினக்ஸில் ஓடுமா என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.

நீங்கள் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விடுவீர்கள். ஆகவே தினமும் படிப்பகம் வருகிற இருவரை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு கணினிகளில் நீங்கள் கை வைக்காமல் அவர்களையே நிறுவச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். சந்தேகம் வந்தால் கணியம் அறக்கட்டளையின் தமிழ் மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. விழுப்புரத்திலும் சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. நிர்வாகி பாஸ்வேர்டை அந்த இருவரிடமும் சொல்லிவிட்டு, ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுப் படிப்பகப் பீரோவில் வைத்துவிடுங்கள்.