ஓட்டையை அடைக்கும் முன்: ரக்கூன் கேள்வி பதில்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளுக்குள் புகுந்த விலங்குகளை வெளியேற்றும் வேலையில் 18 வருடமாக இருக்கிறேன். இப்போது ஏப்ரல், ரக்கூன் (கண்ணைச் சுற்றிக் கருப்புப் பட்டையுள்ள, இரவில் திரியும் விலங்கு) குட்டி போடும் காலம். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு அக்கா: இரவில் அட்டிக்கில், அதாவது கூரைக்கும் உள்கூரைக்கும் இடையே உள்ள இடத்தில், ஆள் நடப்பது போலச் சத்தம். கூரை ஓரத்தில் ஓட்டை ஒன்று இருக்கிறது. மகன் நாளைக்குப் பலகை அடித்து மூடப் போகிறான். சரிதானே?

பதில்: வேண்டாம் அக்கா, மகனை நிறுத்துங்கள். மார்ச்சிலிருந்து மே வரை கூரைக்குள் இருப்பது பெரும்பாலும் தாயும் குட்டிகளும்தான். குட்டி கண் திறக்கவே 3 வாரம் ஆகும். தாயின் பின்னால் வெளியே நடந்துவர 8 வாரமாவது வேண்டும். தாய் வெளியே போயிருக்கும் நேரம் மூடிவிட்டால், குட்டியைத் தேடிக் கூரையையே பிய்த்துக்கொண்டு வரும். ஷிங்கிளும் (கூரை மேல் ஓடு) சோஃபிட்டும் (கூரை ஓரத்தின் அடித்தகடு) அதன் கைக்கு முன் நிற்காது. தாயால் உள்ளே வர முடியாமல் போனால் குட்டிகள் பட்டினியில் செத்துவிடும். அப்படிச் செத்துக் கிடந்த நான்கு குட்டிகளை ஒரு வீட்டில் என் கையால் எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், தெரியாமல் மூடிவிட்டார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் முதல் கேள்வி, "குட்டி இருக்கிறதா?" என்பதுதான்.

தாயாகவே கிளம்பும்படி செய்யலாம். அட்டிக்கில் நல்ல வெளிச்சமான விளக்கு ஒன்றைப் போடுங்கள். பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்து, ஆட்கள் பேசுகிற நிகழ்ச்சியை இரவும் பகலும் ஓட விடுங்கள். தாய்க்கு வேறு இடங்களும் தெரிந்திருக்கும். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். சில நாள் பொறுத்து, கசக்கிய செய்தித்தாளை ஓட்டையில் செருகிப் பாருங்கள். 3 இரவு அது அசையாமல் இருந்து, உள்ளே சத்தமும் இல்லையென்றால் காலி. கடுங்குளிர் காலத்தில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், அப்போது நாள்கணக்கில் வெளியே வராமல் படுத்திருக்கும். மூடுவதற்குப் பலகை போதாது. கனமான இரும்புக் கம்பி வலையை இறுக்கமாக அடியுங்கள்.

பிராம்டனிலிருந்து ஒரு தம்பி: கூண்டில் பிடித்துத் தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விடலாமா?

பதில்: ஒன்டாரியோ சட்டப்படி, பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள், 24 மணி நேரத்துக்குள் விட வேண்டும். 2015 டிசம்பரில் ஹமில்டனில் ரக்கூன் ரேபிஸ் வந்தது. நோயுள்ள ஒன்றைத் தூரத்தில் விட்டால் நோயையும் அங்கே கொண்டுபோகிறோம். நல்லது ஒன்றை விட்டாலும், தெரியாத இடத்தில் அது பிழைப்பது கடினம். பிடிபட்டது தாயாக இருந்தால் குட்டிகளின் கதியை மேலே சொல்லிவிட்டேன்.

மிசிசாகாவிலிருந்து: டெக் (வீட்டோடு சேர்ந்த வெளி மரத்தளம்) மூலையில் தினமும் ஒரே இடத்தில் ரக்கூன் கழிவு. ஜாவெக்ஸ் (ப்ளீச்) ஊற்றிக் கழுவினேன், போதுமா?

பதில்: போதாது. இதைக் கவனமாகக் கேளுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம். அதில் ஒருவகை உருண்டைப் புழுவின் முட்டை இருக்கலாம். அது வாய்வழியாக உள்ளே போனால் மூளையையும் கண்ணையும் பாதிக்கும். ஜாவெக்ஸுக்கு அந்த முட்டை சாகாது, கொதிக்கும் தண்ணீருக்குத்தான் சாகும். புதிய கழிவில் முட்டை தொற்றும் நிலைக்கு வர 2 வாரத்துக்கு மேல் ஆகும், அதனால் கண்ட அன்றே எடுத்துவிடுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டு, தூசி கிளம்பாமல் சற்று நனைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிறகு அந்த இடத்தில் கொதிநீர் ஊற்றுங்கள். பிள்ளைகள் விளையாடும் மணல் தொட்டிக்கு மூடி போடுங்கள்.

ஏஜாக்ஸிலிருந்து: நாப்தலின் உருண்டை போட்டால் ஓடிவிடுமா?

பதில்: ஓடாது. அந்தப் புகையை உங்கள் பிள்ளைகள்தான் சுவாசிப்பார்கள்.

லண்டனிலிருந்து: எங்கள் தோட்டத்தில் நரி.

பதில்: நரி என் அனுபவத்தில் இல்லை. உங்கள் ஊரில் இந்த வேலை செய்பவர்களைக் கேளுங்கள்.

மார்க்கத்திலிருந்து ஒரு ஐயா: வாயில்லா ஜீவன் தம்பி. விரத நாளில் காகத்துக்கு வைக்கிற சோற்றை அதுவும் வந்து தின்கிறது. பசித்து வந்ததை விரட்டுவது பாவமில்லையா?

பதில்: ஐயா, உங்கள் மனது புரிகிறது. ஆனால் காகம் தின்றுவிட்டுப் பறந்துவிடும். ரக்கூனோ சோறு கிடைத்த இடத்தை மறக்காது, அடுத்த வருடம் குட்டிகளையும் கூட்டிவரும். ஒரே இடத்தில் பல கூடித் தின்றால் டிஸ்டெம்பர் நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். தள்ளாடி, கண்ணில் பீளை வடியச் சாகிற ரக்கூனைப் பார்த்தவன் நான்.

ஸ்காபரோ அக்கா: ஐயா சொல்வதும் சரிதானே? ஊரில் என் அம்மா நாய், பூனை எல்லாவற்றுக்கும் வைப்பார்.

பதில்: அக்கா, ஊரில் அந்த நாய் வாசலில் படுத்திருக்கும். இங்கே இது கூரைக்குள் போய்ப் படுக்கும், பிறகு யாராவது அந்த ஓட்டையை மூடுவார்கள். நாம் வைத்த சோறுதான் அந்தக் குட்டிகளை அங்கே கொண்டுவந்து சேர்க்கிறது.

மார்க்கம் ஐயா: அப்படியென்றால் பிதிர்க்கடனை விடச் சொல்கிறீர்களா?

பதில்: இல்லவே இல்லை ஐயா. என் அப்பாவுக்கு நானும் வைக்கிறேன். பகலில் வையுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள், காகம் எடுத்ததும் மிச்சத்தை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். இரவில் ஒரு பருக்கையும் வெளியே இருக்கக் கூடாது. உணவுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியின் பூட்டையும் திருகி மூடுங்கள்.

விட்பியிலிருந்து: பகலில் நடமாடினால் ரேபிஸா?

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பால் கொடுக்கும் தாய் பகலிலும் இரை தேடும். தள்ளாடினாலோ, ஆளைக் கண்டும் விலகாவிட்டாலோ கிட்டப் போகாமல் நகர சபைக்கு அறிவியுங்கள். ரொறன்ரோவில் என்றால் தொலைபேசி எண் 311. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள்.

பிக்கரிங்கிலிருந்து: கூரை ஓட்டையை எப்போது மூடலாம்?

பதில்: முதல் பதிலை வாசியுங்கள்.

ஓஷவாவிலிருந்து: எங்கள் கராஜ் கூரையில் ஓட்டை, இன்றைக்கே மூடலாமா?

பதில்: குட்டி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பார்க்காமல் மூட வேண்டாம்.

மார்க்கம் ஐயா: சரி தம்பி, இனி மிச்சத்தை எடுத்துவிடுகிறேன். ஆனால் டெக்கின் கீழே ஏற்கனவே ஒன்று புகுந்துவிட்டது போலிருக்கிறது.

பதில்: பொழுது சாய்ந்ததும் டெக் பலகையில் காதை வைத்துக் கேளுங்கள் ஐயா. குருவிக் குஞ்சு கத்துவது போலக் கீச்சுச் சத்தம் வந்தால் உள்ளே குட்டி இருக்கிறது. வலை அடிக்காமல் எனக்கு எழுதுங்கள்.