தகரப்பெட்டியா, பிளாஸ்டிக் பெட்டியா?

கேள்வி: அப்பா காலத்து ஓட்டு வீட்டை ஒட்டிப் பின்பக்கம் இரண்டு அறை எடுத்து, வீடு முழுக்கப் புது வயரிங் போடுகிறோம். பழைய பியூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு டிபி பாக்ஸ் (ஒவ்வொரு லைனுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வைக்க வேண்டும். கடைக்காரர் இரும்புப் பெட்டியைக் காட்டுகிறார். வயர்மேனோ, "இரும்புன்னா கரண்டு பாயும்மா, பிளாஸ்டிக்கே வாங்குங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (மன்னார்குடி வாசகி)

பதில்: இரும்பே வாங்குங்கள். ஆனால் வயர்மேன் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தீ. ஷார்ட் ஆனால் எம்சிபி (பியூஸுக்குப் பதிலாக வரும் தானியங்கி சுவிட்ச்) விழுந்து கரண்டைத் துண்டித்துவிடும், அதில் பெரிய கவலை இல்லை. தொல்லை கொடுப்பது லூஸ் கனெக்‌ஷன். எம்சிபியில் வயரைப் பிடிக்கும் ஸ்க்ரூ அரைகுறையாக முடுக்கப்பட்டிருந்தால், ஏசியோ கீசரோ ஓடும்போதெல்லாம் அந்த இடம் சூடேறும், நிறுத்தினால் ஆறும். ஏறி ஏறி ஆறியே ஸ்க்ரூ இன்னும் தளரும். ஓடுவது வழக்கமான ஆம்பியர்தான் என்பதால் எம்சிபிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வயர் தோல் கருகி, பிளாஸ்டிக் கூட்டில் பற்றிக்கொள்ளும். பிரிட்டனில் வீடுகளில் இப்படித் தீப்பிடித்த கதைகள் சேர்ந்துதான், 2016 ஜனவரி முதல் வீட்டு டிபியின் கூடு எரியாத பொருளில் இருக்க வேண்டும் என்று வயரிங் விதியை மாற்றினார்கள். அங்கே பல வீடுகளில் டிபி இருப்பது மாடிப்படிக்குக் கீழே, தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில். நம் வீட்டில் எங்கே இருக்கிறது? கூடத்துக் கதவுக்குப் பின்னால், கீழே நெல் மூட்டையும் சாக்கும், பக்கத்தில் ஆணியில் தொங்கும் காலண்டர்.

எளிதில் தீப்பிடிக்காத பிளாஸ்டிக்கிலும் பெட்டி வருகிறது. ஆனால் கடை மேஜைமேல் வைத்துப் பார்த்து எது எந்த ரகம் என்று நீங்களும் நானும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது வயர்மேனின் பயம். பெட்டிக்குள் ஒரு பேஸ் வயர் (கரண்ட் வரும் வயர்) தோலுரிந்து தகரத்தில் பட்டால், எர்த் இல்லாத வீட்டில் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும். அவர் சொல்வது அதைத்தான். அதற்கு மருந்து எர்த். உங்கள் பழைய வீட்டில் எர்த் குழி இருக்கிறதா, அதிலிருந்து வரும் கம்பி இன்னும் துருப்பிடித்து அறாமல் இருக்கிறதா என்று பெட்டி வாங்கும் முன்பே பார்க்கச் சொல்லுங்கள். டெல்டாவின் களிமண் ஈரம் பிடித்து நிற்பதால் எர்த்துக்கு நல்ல மண். கோடையில்தான் பாளம் பாளமாக வெடித்து, பைப்பை விட்டு விலகும். சித்திரை, வைகாசியில் எர்த் குழிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் விடுவது அதனால்தான். குழி வெட்டச் சோம்பல்பட்டு, நியூட்ரலிலிருந்தே (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) ஒரு துண்டு வயரை எடுத்து, எர்த் வயர்களைச் சேர்த்து முடுக்கும் எர்த் பாரில் முடுக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்தப் பெட்டியே பேஸ் ஆகிவிடும். அப்படிச் செய்தால் விடாதீர்கள்.

கடையில் கதவைத் திறந்து பாருங்கள். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் தனித்தனிப் பித்தளை பார் இருக்க வேண்டும். கதவுக்கும் ஒரு எர்த் வயர் போயிருக்க வேண்டும், கீல் மட்டும் போதாது. கட்டைவிரலால் அழுத்தினால் தகரம் உள்ளே அமுங்கக் கூடாது. வயர் நுழைய உடைத்தெடுக்கும் ஓட்டைகளுக்கு ரப்பர் வளையம் கேட்டு வாங்குங்கள், அறுத்த தகர விளிம்பு வயர் தோலைச் சீவிவிடும். பயன்படாத ஓட்டைகளையும், எம்சிபி வைக்காத இடங்களையும் மூடி போட்டு அடையுங்கள். எங்கள் வீட்டில் அப்படி விட்ட ஓர் ஓட்டை வழியாகப் பல்லி புகுந்து, நடுராத்திரி மெயின் விழுந்தது. காலையில் திறந்தால் பல்லி கருகிக் கிடந்தது.

8 வே (எட்டு இடம்) பெட்டி என்றால் மெயின் சுவிட்சுக்கான இடமும் அதில் சேர்த்தியா, தனியா என்று கேளுங்கள். எண்ணிக்கையைவிட இரண்டு மூன்று இடம் கூடுதலாக உள்ளதை எடுங்கள். அடுத்த வருஷம் ஏசி வரும்.

கேள்வி: கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு. இரும்பு டிபி துருப்பிடிக்காதா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: பிடிக்கும், திண்ணையிலோ வெளிச்சுவரிலோ வைத்தால் சீக்கிரமே. பவுடர் கோட்டிங் உள்ள டபுள் டோர் பெட்டியை உள் அறைச் சுவரில் வையுங்கள். அறுத்த, துளையிட்ட இடங்களில் பெயின்ட் தொட்டுவிட மறக்காதீர்கள், துரு அங்கேதான் தொடங்கும். பின்கட்டு மோட்டாருக்கு வெளியே ஒரு சின்னப் பெட்டி தேவைப்பட்டால், அதற்கு மட்டும் தண்ணீர் புகாத பாலிகார்பனேட் (கெட்டியான பிளாஸ்டிக்) பெட்டி பரவாயில்லை.

உயரத்தையும் யோசியுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தெருவில் இதுவரை தண்ணீர் ஏறிய அளவுக்கு நன்றாக மேலே பெட்டி இருக்கட்டும், ஆனால் ஸ்டூல் போடாமல் கைக்கு எட்ட வேண்டும். ஒருமுறை வெள்ளத்தில் முங்கிய எம்சிபியை வெயிலில் காயவைத்து மாட்டாதீர்கள். உள்ளே படிந்த உப்பும் சேறும், விழ வேண்டிய நேரத்தில் அதை விழவிடாது.

கேள்வி: ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்த நாளிலிருந்து அடிக்கடி விழுகிறது. "இன்வர்ட்டர் வீட்டுக்கு இது ஒத்துவராது" என்று எலக்ட்ரீஷியன் அதைத் தாண்டி நேராகக் கனெக்‌ஷன் கொடுத்துவிட்டார். இப்போது விழுவதில்லை. (கும்பகோணம் வாசகர்)

பதில்: விழாது, அது இப்போது வேலையே செய்யவில்லையே! ஆர்சிசிபி பார்ப்பது ஒன்றுதான்: பேஸில் போன கரண்ட் அதே அளவு நியூட்ரலில் திரும்பி வருகிறதா? 30 மில்லி ஆம்பியர் ரகமாக இருந்தால் அந்த அளவு குறைவதற்குள் விழுந்துவிடும், ஆளைக் காப்பாற்றுவது அதுதான். எம்சிபி அந்த வேலையைச் செய்யாது. இன்வர்ட்டர் வீடுகளில் வழக்கமான தப்பு, இன்வர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மற்ற லைன்களின் நியூட்ரலையும் ஒரே பாரில் கலந்துவிடுவது. கரண்ட் வேறு வழியில் திரும்பும், ஆர்சிசிபி ஏமாந்து விழும். நியூட்ரலைப் பிரித்துக் கட்டினால் சரியாகிவிடும், அரைநாள் வேலை. பிரித்த பிறகும் விழுந்தால் எங்கோ நிஜமாகவே கசிகிறது. கீசரையும் தண்ணீர் மோட்டாரையும் முதலில் சந்தேகப்படுங்கள். சரியானதும் மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: எந்த கம்பெனி வாங்கலாம்? (பாபநாசம் வாசகர்)

பதில்: கம்பெனி பெயர் சொல்வதில்லை. எம்சிபியில் ஐஎஸ்ஐ முத்திரையும் சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்த லைசென்ஸ் என்று காட்டும். எம்சிபியின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெயரும் அதுவும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பில் வாங்காமல் வந்துவிட்டு எனக்கு எழுதினால் நான் சொல்ல ஒன்றுமில்லை. பில் இருந்து கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.