சிவப்பு விளக்கு சைக்கிளுக்கும் சேர்த்துத்தானா?

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் கொடுத்த அரசு சைக்கிளில்தான் பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய் வருகிறாள். வழியில் ஒரு நாலு ரோடு சிக்னல், பைபாஸைத் தாண்டும் இடம் ஒன்று, ஒரு ரயில்வே கேட். சிக்னலில் சைக்கிள்காரர்கள் யாரும் நிற்பதில்லை, போலீஸும் கண்டுகொள்வதில்லை. சைக்கிளுக்கு சிக்னல் பொருந்துமா, பொருந்தாதா? நடப்பவர்களுக்கான பச்சை பொம்மை எரியும்போது ஓட்டிக்கொண்டு போகலாமா? வலது பக்கம் எப்படித் திரும்புவது? பேட்டரி சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் இதெல்லாம் மாறுமா?"

பொருந்தும். சிவப்பு எரிந்தால் சைக்கிளும் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

பொருந்தாது என்று வாதாடுபவர்கள் முழுக்கப் பொய் சொல்லவில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இயந்திர விசையால் ஓடும் வண்டிகளைப் பற்றியது. காலால் மிதிக்கும் சைக்கிள் அதன் வரையறைக்குள் வராது. லைசன்ஸ், ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் எதுவும் சைக்கிளுக்குக் கேட்காததும் அதனால்தான். சிக்னலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று சொல்லும் 119-ஆம் பிரிவும் மோட்டார் வாகன ஓட்டுநரைத்தான் குறிப்பிடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டு "நமக்கு சிக்னலே கிடையாது" என்று முடிவுகட்டுவது தவறு. பொதுச் சாலையில் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக வண்டி ஓட்டினால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே 'மோட்டார்' என்ற வார்த்தையே இல்லை, எந்த வண்டியானாலும் சரி.

போலீஸ் வழக்கைவிட நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. சிவப்பில் நுழைந்த சைக்கிளை ஒரு கார் இடித்துவிட்டது என்று வையுங்கள். இழப்பீட்டுக்கு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி யார் சிவப்பில் வந்தார்கள் என்பதுதான். அடிபட்டவர் மீதும் தவறு உண்டு என்று முடிவானால், அந்தப் பங்குக்கு ஏற்ப இழப்பீடும் குறையும். இப்போது ஜங்ஷனுக்கு ஜங்ஷன் கேமரா வேறு இருக்கிறது.

சட்டம் இவ்வளவு போதும். சாலைக்கு வருவோம்.

சிக்னல் நேரத்தைக் கணக்குப் போடுபவர்கள் மனத்தில் பெரும்பாலும் மோட்டார் வண்டிதான் இருக்கிறது. மஞ்சள் விளக்கு வழக்கமாக 3 விநாடி எரியும். பள்ளிப் பிள்ளை ஒன்று பையும் டிபன் பாக்ஸுமாக மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் மிதிக்கிறது என்றால், விநாடிக்கு மூன்று மீட்டர் சொச்சம். மஞ்சள் எரிந்து முடிவதற்குள் பத்து மீட்டர் போகலாம். ஓரளவு பெரிய நாலு ரோட்டில் இந்தக் கோட்டிலிருந்து எதிர்க்கரை சேர 20, 25 மீட்டர் இருக்கும். பைக்காரர் மஞ்சளில் நுழைந்து தப்பித்துவிடுவார். அதே மஞ்சளில் நுழைந்த சைக்கிள், குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும்போது நட்டநடுவில் நிற்கும். ஆகவே சைக்கிளில் போகிறவருக்கு மஞ்சள் என்றால் நில் என்றே பொருள். கோட்டைத் தாண்டிய பிறகு மஞ்சள் விழுந்தால் மட்டும் தயங்காமல் மிதித்துக் கடந்துவிட வேண்டும். நடுவில் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்ப்பது அதைவிட மோசம். பச்சைக்கு எண்கள் இறங்கும் டைமர் இருந்தால் இன்னும் சுலபம்: கோட்டுக்கு வரும்போது 5-க்குக் கீழே இறங்கிவிட்டதா, அடுத்த பச்சைக்குக் காத்திருக்கட்டும்.

பச்சை விழுந்த கணமும் அப்படித்தான். டைமரில் 3, 2 என்று வரும்போதே பைக்குகள் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். இன்னொரு பக்கம், சிவப்பு விழுந்த பிறகும் கடைசியாக ஒரு ஷேர் ஆட்டோ நுழைந்து வந்துகொண்டிருக்கும். பச்சை விழுந்ததும் முதலில் வலது பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் இடது பக்கம். நாம் இடப்புறம் ஓட்டுகிற நாடு. ஜங்ஷனுக்குள் கால் வைத்ததும் முதலில் மோதக்கூடிய வண்டி வலப்புறத்திலிருந்துதான் வரும்.

எங்கே நிற்கிறோம் என்பதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. என்னைக் கேட்டால், விளக்கின் நிறத்தைவிட அதுதான் முக்கியம். சிவப்பில் ஒரு டவுன் பஸ் நின்றுகொண்டிருக்கிறது. அதன் இடப்பக்கம் ஓரமாக ஒரு சந்து இருக்கிறது. சைக்கிள்காரர் அதில் புகுந்து முன்னே போய் நிற்பார். தினமும் பார்க்கிற காட்சிதான், ஆனால் ஜங்ஷனில் இதைவிட ஆபத்தான இடம் கிடையாது. பஸ் இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக, ஓரத்தை ஒட்டி வெட்டிக்கொண்டு வரும். டிரைவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம், இடப்பக்கக் கதவருகே தாழ்வாக நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படவே படாமல் போகலாம். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் என்றால் இன்னும் மோசம், பின்னால் இழுத்து வரும் டிரெய்லர் அதிகமாகவே உள்ளே வரும். இண்டிகேட்டர் போடுவார்கள் என்று நம்ப வேண்டாம். பெரிய வண்டிக்குப் பின்னால் நிற்கலாம். அல்லது முதல் ஆளாக வந்திருந்தால், டிரைவர் முகம் நமக்குத் தெரியும் அளவுக்கு முன்னால் நிற்கலாம். பக்கவாட்டில் மட்டும் கூடாது. பிள்ளை நின்ற பிறகு பஸ் வந்து பக்கத்தில் நின்றால், அது போகும் வரை விட்டுக்கொடுத்துவிட்டு அப்புறம் கிளம்புவது நல்லது.

சிவப்பிலும் இடது பக்கம் போகலாம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. 'ஃப்ரீ லெஃப்ட்' என்று போர்டு இருந்தாலோ, இடது அம்புக்குறி பச்சையில் எரிந்தாலோ போகலாம். இரண்டும் இல்லாத இடத்தில் சிவப்பு இடது பக்கத்துக்கும் சிவப்புதான்.

வலது பக்கம் திரும்புவதற்கு வருகிறேன். பைக் ஓட்டுபவரைப் போல, கை காட்டிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக சாலையின் நடுவுக்கு ஒதுங்கி, அங்கிருந்து திரும்புவது ஒரு முறை. போக்குவரத்து குறைந்த உள்ளூர்த் தெருவில் அது சரி. சிக்னல் உள்ள பெரிய ஜங்ஷனில் பள்ளிப் பிள்ளைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். இரண்டு தடவையாகக் கடக்கலாம். பச்சை விழுந்ததும் இடது ஓரமாகவே நேரே போய் எதிர் முனையை அடைய வேண்டும். அங்கே, இடப்பக்கத்துச் சாலையில் சிவப்புக்கு நிற்கிற வண்டிகளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருப்போம். சைக்கிளை வலப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பச்சை விழும்போது அவர்களோடு சேர்ந்து நேரே போய்விட வேண்டும். வலது பக்கம் திரும்பியாகிவிட்டது. எந்த வண்டிக்கும் குறுக்கே போகவில்லை. நம் ஊர் சிக்னல்களில் பல இடங்களில் ஒரு நேரத்தில் ஒரு சாலைக்குத்தான் பச்சை தருகிறார்கள், அதனால் கொஞ்சம் காத்திருக்க நேரும். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: அந்த முனையில் ஃப்ரீ லெஃப்ட் இருந்தால் நாம் நிற்கும் இடத்தின் மீதே வண்டிகள் வளைந்து வரும். அங்கே இறங்கி நடைமேடை மேல் ஏறி நிற்பதுதான் வழி.

இறங்கிவிட்டால் பொம்மை சிக்னலும் உங்களுடையது. நடக்கிற பச்சை பொம்மை நடப்பவர்களுக்கானது. ஜீப்ரா கோடும் அப்படியே. சீட்டில் உட்கார்ந்து மிதித்தால் நீங்கள் வண்டி ஓட்டுபவர், தள்ளிக்கொண்டு நடந்தால் பாதசாரி. ஜீப்ரா மேல் ஓட்டிக்கொண்டு போகும்போது, நடக்கும் வேகத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் டிரைவருக்குத் திடீரென்று ஒரு சைக்கிள் முளைத்தாற்போல் இருக்கும். பயமாக இருக்கும் எந்த ஜங்ஷனிலும் இறங்கித் தள்ளுவது கௌரவக் குறைச்சல் இல்லை என்று பிள்ளைக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். பதினாறு வயதில் அது பெரிய விஷயம்.

டிராஃபிக் போலீஸ் நின்று கை காட்டினால் விளக்கை மறந்துவிட வேண்டும். அவர் கைதான் சிக்னல். தேர் நாளிலும் கல்யாண முகூர்த்த நாளிலும் கோயில் ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். இரவில் மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் வேகம் குறைத்துப் பார்த்துப் போகலாம். சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால் முழுதாக நின்று, பாதை காலியானதும் போகலாம். கரண்ட் போய் விளக்கே எரியவில்லை என்றால் அது சிக்னல் இல்லாத முக்கு: வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும், கிளைச்சாலையிலிருந்து ஏறுபவர் பிரதான சாலைக்காரருக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை.

போர்டுகளில் வட்டம் கட்டளை, முக்கோணம் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் தகவல். சைக்கிள் படம் மூன்று விதமாக வரும். சிவப்பு வளையத்துக்குள் சைக்கிள் இருந்தால் சைக்கிள் வரக்கூடாது. சில மேம்பாலங்களின் அடியில் இதைப் பார்க்கலாம். நீல வட்டத்துக்குள் வெள்ளைச் சைக்கிள் இருந்தால் அது சைக்கிள் பாதை. முக்கோணத்துக்குள் சைக்கிள் நமக்கு இல்லை, மற்ற ஓட்டுநர்களுக்கு: இங்கே சைக்கிள்கள் குறுக்கே வரும், பார்த்துப் போ என்கிறது. அதைப் பார்த்து நமக்கு முன்னுரிமை என்று நினைத்துவிடக் கூடாது. 'நுழையாதே', ஒருவழிப்பாதை போர்டுகளும் சைக்கிளுக்குச் சேர்த்துத்தான். கோயிலைச் சுற்றிய வீதிகளில் சைக்கிள்கள் எதிர்த்திசையில் வருவது சர்வசாதாரணம். பக்கத்துச் சந்திலிருந்து வெளியே வருகிற பைக்காரர் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

பைபாஸைத் தாண்டும் இடத்தில் விளக்கு இருக்காது, தூரக் கணக்குத்தான். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் விநாடிக்கு 22 மீட்டர் வருகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி ஒரு பக்கத்து இரண்டு தடங்களைக் கடக்க சைக்கிளுக்கு ஐந்து விநாடி ஆகும். அதற்குள் கார் 110 மீட்டர் வந்திருக்கும். தொலைவில் சின்னதாகத் தெரியும் காரும் போதுமான தொலைவில் இல்லை என்பதே இதன் கணக்கு. பக்கத்தில் கீழ்ப்பாலம் இருந்தால் சுற்றிக்கொண்டு அதில் போவதே மேல். இல்லாவிட்டால் ஒரு பக்கத்தைக் கடந்து மீடியன் இடைவெளியில் நின்று, மறுபக்கத்தைத் தனியாகக் கடக்க வேண்டும். சைக்கிளின் நீளம் கிட்டத்தட்ட 1.8 மீட்டர், மீடியன் அதைவிடக் குறுகலாக இருந்தால் பின்சக்கரம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே மீடியன் ஓரமாகச் சாய்வாகத் திருப்பி நிறுத்தச் சொல்லுங்கள். அறுவடைக் காலத்தில் ஓரத்தில் நெல் காயப்போட்டு, சுற்றிக் கல்லும் மரக்கிளையும் வைத்திருப்பார்கள். சாலைக் கோடுகள் நெல்லுக்கு அடியில் போய்விடும், ஓரமாகப் போகிற சைக்கிள் நடுச்சாலைக்கு வர வேண்டியிருக்கும். அந்த வாரங்களில் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பட்டும்.

ரயில்வே கேட்டில் விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்று: மூடிய கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழையக் கூடாது. ரயில்வே சட்டம் 1989, 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி ரயில் பாதைக்குள் நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஒரு ரயில் போனதும் கேட்டைத் திறக்கவில்லை என்றால் கீப்பர் தூங்கவில்லை, இன்னொரு ரயில் வருகிறது. திறந்த பிறகு இரண்டு பக்கத்திலும் சாலை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டிகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும். அந்த நெரிசல் கரையும் வரை ஓரமாக நிற்கலாம். தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் மெல்லிய டயர் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையில் நனைந்த இரும்பில் வழுக்கும். சாலையே சாய்வாக வெட்டும் கேட் என்றால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

பேட்டரி சைக்கிளைப் பொறுத்தவரை, மோட்டார் சக்தி 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருக்கும் வண்டிகளுக்குப் பதிவும் லைசன்ஸும் தேவையில்லை என்ற விலக்கு இருக்கிறது. 'வேகத்தைக் கூட்டித் தருகிறோம்' என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அது சட்டப்படி மோட்டார் வண்டி, பிள்ளைக்கு லைசன்ஸ் வேண்டும். விளக்கும் போர்டும் சொல்வதில் மாற்றமில்லை. சாதாரண சைக்கிளைவிடச் சீக்கிரம் கிளம்பும், எடையும் கூடுதல், நிற்க அதிக தூரம் எடுக்கும். வாங்கினால் முதல் வாரம் மழை இல்லாத நாளில் காலியான சாலையில் பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஜங்ஷன் பக்கம் அனுப்புங்கள்.