கை நிற்காமல் ஓடட்டும்: கிட்டார் டேப், ஸ்ட்ரம்மிங் கேள்வி பதில்

கிட்டார் எடுத்து ஓரிரு மாதம் ஆனவர்கள் கேட்டவை இவை. டேப் என்பது எந்தக் கம்பியை எங்கே அழுத்துவது என்று ஆறு கோடுகளில் எண் போட்டுக் காட்டும் குறிப்பு; ஸ்ட்ரம்மிங் என்பது கம்பிகளைச் சேர்த்துக் கீழும் மேலுமாக மீட்டுவது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் மனம் விட்டுப்போய் கிட்டாரை உறையில் போட்டு மூடுவது அந்த இடங்களில்தான்.

அண்ணா, கிட்டாரைப் பிடித்தால் தடித்த கம்பி மேலே இருக்கிறது. டேப்பில் அதுவே அடிக்கோட்டில் இருக்கிறது. தலைகீழாகப் படிக்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி. கிட்டாரை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து மேலிருந்து பாருங்கள். தடித்த கம்பி உங்கள் வயிற்றுப் பக்கம் வரும், மெல்லிய கம்பி தள்ளிப் போகும். மேஜையில் ஒரு தாளை வைத்துப் பார்ப்பது போலத்தான். அடிக்கோடு 6ஆவது கம்பி, மேல்கோடு 1ஆவது கம்பி. இதை வாசித்துப் பாருங்கள்:

1|-----------------
2|-------------0-1-
3|---------0-2-----
4|---0-2-3---------
5|-3---------------
6|-----------------

இடமிருந்து வலமாக ஒவ்வொரு எண்ணாகப் போங்கள். 5ஆவது கம்பியில் 3ஆவது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உலோகக் கோடுகளால் பிரித்த கட்டம், தலைப்பக்கத்திலிருந்து எண்ணுவது), அப்புறம் 4ஆவது கம்பியில் 0. பூஜ்யம் என்றால் எங்கும் அழுத்தாமல் கம்பியைத் திறந்தபடி மீட்டுவது. எட்டு எண்ணையும் முடித்தால் ச ரி க ம ப த நி ச வந்துவிடும். கூடவே பாடிக்கொண்டு வாசியுங்கள். எங்கே விரல் தவறினாலும் காது உடனே சொல்லிவிடும்.

டேப்பில் இருக்கும் எண் ஃப்ரெட்டின் எண். கார்டு (பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிப்பது) படத்தில் புள்ளிக்குள் இருக்கும் எண் விரலின் எண்: 1 ஆள்காட்டி, 2 நடுவிரல், 3 மோதிர விரல், 4 சுண்டு விரல். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. ஒரே செங்குத்து வரிசையில் பல எண்கள் அடுக்கி இருந்தால் அவற்றை ஒன்றாக மீட்ட வேண்டும், அது கார்டு.

எண்களுக்கு நடுவே எழுத்தும் சாய்கோடும் வருகின்றனவே, அவை என்ன?

ஹேமர் ஆன், புல் ஆஃப், பெண்ட் மூன்றுக்கும் அந்தந்தச் சொல்லின் ஆங்கில முதலெழுத்தைப் போடுவார்கள். ஹேமர் ஆன் என்றால் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு, அது ஒலிக்கும்போதே அடுத்த ஃப்ரெட்டில் இடது கை விரலால் தட்டுவது. புல் ஆஃப் அதன் எதிர்ப்பக்கம், விரலை லேசாகச் சுண்டி எடுப்பது. சாய்கோடு என்றால் விரலை எடுக்காமல் வழுக்கிப் போவது, கர்நாடக சங்கீதத்தில் ஜாரு என்பார்களே, அதேதான். 7க்கும் 9க்கும் நடுவே பெண்ட் எழுத்து இருந்தால் 9ஐத் தொடவே கூடாது. 7இல் இருந்தபடி, 9இன் ஒலி வரும்வரை கம்பியை வளைக்க வேண்டும். பெருக்கல் குறி இருந்தால் கம்பியை அணைத்துப் பிடித்து 'டக்' என்ற சத்தம் மட்டும் எழுப்புவது.

முதல் இரண்டு மாதத்துக்கு இவற்றில் ஹேமர் ஆன் மட்டும் பழகினால் போதும்.

எல்லா எண்ணையும் சரியாகத்தான் வாசிக்கிறேன். ஆனால் கேட்பவர்களுக்கு என்ன பாட்டு என்றே தெரியவில்லை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். டேப் இடத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பது அதில் இல்லை. எண்களுக்கு நடுவே உள்ள கோட்டின் நீளம் ஒரு குத்துமதிப்புதான், அதை நம்பி எண்ணாதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் லூட் வாத்தியத்துக்கு அச்சிட்ட டேப்களில் கோடுகளுக்கு மேலே தாளக்குறிகள் இருந்தன. இன்று தட்டச்சு செய்து பகிர்ந்துகொள்ளும் டேப்களில் பெரும்பாலும் அது விட்டுப்போய்விட்டது.

அதனால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பாட்டின் ஒரு வரியைப் பத்து முறை கேளுங்கள். காலால் தட்டிக்கொண்டு அந்த வரியை வாயால் முணுமுணுங்கள். கால் தரையைத் தொடும்போது எந்த ஸ்வரம் வாயில் இருக்கிறதோ, டேப்பில் அதற்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு வரிக்கு நான்கு புள்ளியோ எட்டுப் புள்ளியோ விழும். இப்போது கிட்டாரை எடுத்து, புள்ளி வைத்த எண்கள் காலோடு விழும்படி மெதுவாக வாசியுங்கள். மற்ற எண்கள் தாமாகவே நடுவில் வந்து உட்காரும்.

'கீழ், கீழ் மேல், மேல் கீழ் மேல்' என்ற ஸ்ட்ரம்மிங்கைப் பழகுகிறேன். நடுவில் இரண்டு 'மேல்' அடுத்தடுத்து வரும்போது கை குழம்பிவிடுகிறது. என் கை தாளத்துக்கு ஏற்றதில்லையோ என்று தோன்றுகிறது.

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை அம்மா. அந்தப் பாடத்தை எழுதுகிற விதத்தில்தான் குறை. இரண்டு 'மேல்' நடுவே ஒரு 'கீழ்' இருக்கிறது. கை கீழே போகிறது, ஆனால் கம்பியைத் தொடுவதில்லை. அதை எழுதாமல் விட்டுவிடுவதால் படிப்பவர்கள் கையை நிறுத்திவிடுகிறார்கள்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: த க தி மி, த க ஜ ணு. எட்டு எழுத்து. த, தி, த, ஜ நான்கிலும் கை கீழே போகும், காலும் தட்டும். க, மி, க, ணு நான்கிலும் கை மேலே வரும். கடிகாரப் பெண்டுலம் போல இது நிற்கவே கூடாது. இப்போது நீங்கள் கேட்ட ஸ்ட்ரம்மிங்:

த (கீழ்), க (தொடாமல் மேலே), தி (கீழ்), மி (மேல்), த (தொடாமல் கீழே), க (மேல்), ஜ (கீழ்), ணு (மேல்).

கை எட்டு முறை அசைகிறது, கம்பி ஆறு முறை ஒலிக்கிறது, அவ்வளவுதான். நான் கற்றபோது எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் கையை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஒருநாள் நான் வாசித்ததைப் பதிவுசெய்து கேட்டபோது ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஒரு சின்னத் தடுக்கல் கேட்டது. எட்டு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கிய வாரத்திலேயே அது போய்விட்டது.

சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து என்று தொடங்குங்கள். தடுக்கல் இல்லாமல் இரண்டு நிமிடம் ஓடினால் 65. வேறு எந்த ஸ்ட்ரம்மிங்கும் இந்த எட்டு எழுத்தில் எதைத் தொடுவது, எதை விடுவது என்ற கணக்குத்தான். ஒரு சுற்றுக்கு மூன்று தட்டு வரும் பாட்டுக்கு ஆறு எழுத்து வைத்துக்கொள்ளுங்கள், முதல் தட்டைக் கொஞ்சம் அழுத்துங்கள்.

மேல்நோக்கி மீட்டும்போது பிக் கம்பியில் சிக்குகிறது.

கம்பியை மீட்டும் சிறு தகடான பிக்கின் நுனி மிக அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் பிக்கை வைத்துக் கட்டைவிரலால் மூடுங்கள், ஒரு சிறு முக்கோணம் மட்டும் வெளியே தெரியட்டும். மேலே வரும்போது ஆறு கம்பியையும் இழுக்க வேண்டியதில்லை. மெல்லிய மூன்று கம்பி ஒலித்தாலே போதும், கேட்கவும் அதுதான் இனிமை. பிடி எவ்வளவு இறுக்கம் என்றால், மற்றொருவர் இழுத்தால் பிக் கையோடு வந்துவிட வேண்டும், தானாக விழக் கூடாது.

கார்டு மாற்றுவதற்குள் தாளம் போய்விடுகிறது சார்.

தாளத்துக்காக வலது கை காத்திருக்கக் கூடாது. இடது கை தாமதமானால் ஆகட்டும், வலது கை ஓடிக்கொண்டே இருக்கட்டும். கடைசி 'ணு'வில் இடது கையைத் தூக்கிவிடுங்கள். அந்த மேல் மீட்டலில் திறந்த கம்பிகள் லேசாக ஒலிக்கும். அது தவறே இல்லை, தேர்ந்தவர்கள் வாசிக்கும்போதும் கேட்கலாம். அந்த அரை இடைவெளி அடுத்த கார்டுக்குப் போகத் தாராளமாகப் போதும்.

அப்புறம், எந்த விரல் நகரத் தேவையில்லை என்று பாருங்கள். ஏ மைனரிலிருந்து சி மேஜருக்குப் போக ஆள்காட்டியும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மோதிர விரல் மட்டும் 3ஆவது கம்பியை விட்டு 5ஆவது கம்பியின் 3ஆவது ஃப்ரெட்டுக்குப் போகும். பலர் மூன்று விரலையும் எடுத்து மறுபடி வைக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று தினமும் எண்ணிக் குறித்து வையுங்கள்.

எஃப் கார்டு வரவே இல்லை. விட்டுவிடலாமா?

விட வேண்டாம், இப்போதைக்குச் சின்ன எஃப் வாசியுங்கள். ஆள்காட்டியால் 1, 2ஆவது கம்பிகளை முதல் ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்துங்கள். 3ஆவது கம்பியில் 2, 4ஆவது கம்பியில் 3. தடித்த இரண்டு கம்பிகளை மீட்டாதீர்கள்.

ஆள்காட்டியால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்தும் முழு பார் கார்டை முதல் ஃப்ரெட்டில் பழகுவதுதான் இருப்பதிலேயே கடினம். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பட்டையான நட்டுக்குப் பக்கத்தில் கம்பி விறைப்பாக இருக்கும். அதே கை வடிவத்தை 5ஆவது ஃப்ரெட்டில் வையுங்கள், ஏ மேஜர் வரும், அழுத்தமும் பாதி வேலைதான். அங்கே பழகிவிட்டு வாரம் ஒரு ஃப்ரெட்டாக இறங்கி வாருங்கள். ஆள்காட்டியின் சதைப்பக்கம் அல்ல, கட்டைவிரலைப் பார்த்த எலும்புப்பக்கம் கம்பியில் படட்டும்.

விரல் நுனி எரிகிறது. மணிக்கட்டும் வலிக்கிறது.

இரண்டும் வேறு வேறு. நுனி எரிச்சல் சில வாரங்களில் தோல் தடித்ததும் போய்விடும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிக்காமல் பதினைந்து பதினைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்துங்கள், பொறுத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். பெரும்பாலும் மணிக்கட்டை அதிகமாக மடக்குவதுதான் காரணமாக இருக்கும். உட்காரும் விதத்தை மாற்றியும் வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

டேப்பின் மேலே 'கேப்போ 2' என்று இருக்கிறது. எண்களோடு 2 கூட்ட வேண்டுமா?

கூட்ட வேண்டாம். கேப்போ என்பது கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கிளிப், 'கேப்போ 2' என்றால் அதை 2ஆவது ஃப்ரெட்டில் மாட்டுவது. கேப்போ போட்ட இடம்தான் இனி பூஜ்யம், அங்கிருந்தே எண்ணுங்கள். பாட்டோடு சேர்ந்து வாசிக்கும்போது எல்லாமே ஒரே அளவில் விலகி ஒலித்தால் முதலில் இதைத்தான் பாருங்கள், அடுத்ததாக டியூனிங்கை.

தகதிமி சொல்லி ஒரு வாரம் பழகினேன் அண்ணா. வாய் ஓடுகிறது, ஆனால் தொடாமல் விட வேண்டிய 'த' வரும்போது கை இன்னும் தயங்குகிறது.

இடது கையை ஆறு கம்பி மேலும் லேசாகப் படுக்க வையுங்கள், அழுத்த வேண்டாம். இனி எதை மீட்டினாலும் 'டக்' என்ற சத்தம்தான் வரும், கார்டைப் பற்றிய கவலை இல்லை. முதலில் எட்டு எழுத்தையும் மீட்டுங்கள். நான்கு சுற்று ஆனதும் அந்த ஒரு 'த'வில் மட்டும் கையை உடம்பிலிருந்து ஒரு விரற்கடை வெளியே தள்ளி வீசுங்கள். வேகம் மாறக் கூடாது. முதல் 'க'வையும் தொடாமல் விடுவதை அதன் பிறகு பழகலாம். மூன்று நாள் செய்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.